கறி தின்ற சாயங்காலம்

பயந்தாங்கொள்ளி என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. வாயாடி என்பார்கள், முன்கோபக்காரி என்பார்கள், என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வார். ஆனால் ஒவ்வாமையைப் பற்றி ஆராய்ச்சி செய்தே இத்தனை வருடம் ஓட்டியதில் எனக்குள் ஒரு பயம் குடியேறிவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் கழுத்தைச் சொறிகிறாரா என்று பார்ப்பேன். பஸ்ஸில் ஒரு குழந்தை இருமினால் அதன் உதடு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு விருந்துச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டு எனக்கு எத்தனையோ காலம் ஆகிறது.

எங்கள் ஆய்வுக்கூடம் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பேருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். இது சொந்தக்காரர்கள் யாருக்கும் இன்றுவரை புரிந்ததில்லை. விசேஷ வீட்டில் ஓரமாகக் கூட்டிப் போய், "டாக்டரம்மா, இந்த முட்டியக் கொஞ்சம் பாரு" என்று சேலையைத் தூக்கிக் காட்டுவார்கள். தோல் டாக்டர்கள் அனுப்பி வைக்கிற ரத்தத்தைப் பிரித்து, அந்த உடம்பு எந்தப் பொருளைக் கண்டு சண்டைக்கு நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. மனுசனை நான் பெரும்பாலும் குழாயில்தான் பார்த்திருக்கிறேன்.

இதுவரை நான் எழுதிய கட்டுரைகளை வரிசையாக எடுத்து வைத்தால் ஊர்ப்பட்ட அரிப்பு அதில் இருக்கிறது. பார்த்தீனியம் செடியைப் பிடுங்கிப் பிடுங்கி முகம் கறுத்துப் போன காட்டு வேலைக்காரர்கள், சிமெண்டில் கை வெடித்த கொத்தனார்கள், தலைக்குச் சாயம் பூசிய மறுநாள் கண் திறக்க முடியாமல் வந்த மாப்பிள்ளைகள். இவர்களில் யாரும் செத்துப் போகிற நிலையில் வந்ததில்லை. அதனால் அந்தக் காலத்தில் நான் நன்றாகத் தூங்கினேன்.

உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாகத் தடித்தால் எங்கள் பக்கம் காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று பொருள். வெற்றிலையில் மிளகை மடித்துத் தின்னக் கொடுப்பார்கள், மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள், பாதிப் பேருக்குத் தானாகவே அமுங்கியும் போகும். அப்படி அமுங்காமல் திரும்பத் திரும்ப வருகிறவர்களின் ரத்தத்தை நாங்கள் சேர்க்க ஆரம்பித்தோம். அந்த வரிசையில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆட்டுக்காரர் வந்தார். எல்லாக் கேள்விக்கும் தலையாட்டிவிட்டு, எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார். "எனக்கு ஒண்ணும் பெருசா இல்லம்மா. கறி தின்ன அன்னைக்குச் சாயங்காலம்தான் இந்தக் கருமம் வருது. மத்தியானம் தின்னுட்டு நல்லாத்தான் இருப்பேன்."

அவரைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இப்படி ஒரு வியாதி உண்டென்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதை வாசித்திருந்தேன், நம் பக்கம் எதற்கு வரப்போகிறது என்று மூடியும் வைத்திருந்தேன். ஆடு, மாடு, பன்றி இவற்றின் உடம்பில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. மனுச உடம்பில் அது கிடையாது. ஆட்டைக் கடித்துப் பிழைக்கிற உண்ணி மனுசனையும் கடித்தால், சிலருக்கு மட்டும் அந்தச் சர்க்கரையின் மேல் உடம்பு பகை பிடித்துக்கொள்கிறது. பிறகு ஆட்டுக்கறி தின்றால் போச்சு. கோழியோ மீனோ ஒன்றும் செய்யாது. காணாக்கடி என்று சொல்கிற சனம் முழுத் தப்பும் சொல்லவில்லை, பூச்சி கடித்தது உண்மைதான்.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது அந்த 'சாயங்காலம்'. மற்ற ஒவ்வாமையெல்லாம் வாயில் வைத்த கொஞ்ச நேரத்தில் முகத்தைக் காட்டிவிடும். இது அப்படியில்லை. தின்றவன் கை கழுவி, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, மணிக்கணக்காகப் பொறுத்திருந்து வரும். சிலருக்குத் தடிப்போடு போகும். சிலருக்குத் தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆளையே கொண்டுபோய்விடும். யாருக்கு எப்போது எது என்று என்னாலும் சொல்ல முடியாது.

இனி என் தம்பி.

என்னைவிட ரொம்பச் சின்னவன். நன்றாகப் படித்து ஒரு கம்பெனியில் வேலைக்கும் போனவன், திடீரென்று ஒருநாள் அதை விட்டுவிட்டு வந்து செக்கானூரணிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் ஆட்டுக் கொட்டகை போட்டான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே நடத்துகிறான். ஒவ்வொரு குட்டியையும் மடியில் போட்டு, காதைப் புரட்டிப் புரட்டி உண்ணி பிடுங்குவான். அவன் முழங்கையிலும் இடுப்பிலும் எப்போதும் சிவப்புச் சிவப்பாகக் கடித்தடம் இருக்கும். நான் அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

ஒரு காதுகுத்து விருந்துக்குப் போய்விட்டு வந்தவன் பொழுது சாய்கிற நேரத்தில் குளியலறையில் விழுந்து கிடந்தான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். அடுத்தது ஒரு கெடா வெட்டு. அன்றைக்கும் சாயங்காலம்தான், முகமெல்லாம் வீங்கி வாந்தி எடுத்து மயங்கினான். இந்தத் தடவை வீட்டில் யாரும் டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. குறி கேட்கப் போனார்கள். சாமி குத்தம் என்று வந்தது. அதற்கு ஒரு காரணமும் கையில் இருந்தது. அவன் மகள் குறைமாசத்தில் பிறந்தவள், ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவு கிடந்தாள். அவள் பிழைத்தால் குலசாமிக்குக் கெடா வெட்டுகிறேன் என்று இவன் அந்தப் பெட்டியைத் தொட்டுக்கொண்டு வேண்டியிருக்கிறான். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கெடா மட்டும் இன்னும் வெட்டவில்லை.

சேதியை எனக்குச் சொன்னது தம்பி பெண்டாட்டி. "மதினி, கறி தின்னா அன்னைக்குச் சாயங்காலமே சாமி இவுகளத் தூக்கி அடிக்குது" என்று போனில் அழுதாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் மேலூர் ஆட்டுக்காரர்தான் என் கண்முன் வந்து நின்றார். அன்றைக்கே காட்டுக்குப் போய் ஆள் வைத்து அவன் ரத்தத்தை எடுக்கவைத்துக் கொண்டுவந்தேன்.

பகை இருந்தால் எங்கள் சோதனைத் தட்டின் குழியில் மஞ்சள் நிறம் வரும். எவ்வளவு அழுத்தமான மஞ்சளோ அவ்வளவு பகை. மேலூர் ஆட்டுக்காரருக்கு எலுமிச்சைத் தோல் நிறத்தில் வந்தது. என் தம்பியின் குழி அதைவிட அடர்த்தியாக, பார்க்கவே ஆகாத மஞ்சளாக இருந்தது. தட்டை மாற்றிவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து போட்டேன், திரும்பவும் அதே மஞ்சள். ஓய்வறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன்.

அவனிடம் சொன்னபோது சிரிக்கிறான். "ஏங்க்கா, ஆட்டுக்காரனுக்கு ஆட்டுக்கறி ஆகாதா? நல்ல கதையா இருக்கே. அப்ப பால்காரனுக்குப் பால் ஆகாதா?"

"சிரிக்காதடா. செத்துருவ."

"அம்புட்டு ஈசியாவா?"

"அம்புட்டு ஈசியாத்தான். அடுத்த தடவை எந்திரிக்கவே மாட்ட. உன் மகளை நெனச்சுக்க."

மகளைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கறி, ஈரல், குடல், ரத்தம், எலும்புச் சாறு, கறி போட்ட குழம்பு, எதுவும் வாயில் படக் கூடாது என்று சொன்னேன். சரி என்றான். அந்தப் பிள்ளை தலைமேல் கைவைத்துச் சொல்லச் சொன்னேன், அதையும் செய்தான். அதன்பிறகு சொல்கிறான். "ஆனா நேத்திக்கடன் இருக்குக்கா. கெடாவ வளத்துட்டேன். அதை வெட்டித்தான் ஆகணும்."

எங்கள் குலசாமி கோவில் உசிலம்பட்டிக்கும் அந்தப் பக்கம் தண்ணீர் வற்றிப்போன ஒரு கண்மாய்க்குள் இருக்கிறது. ஆம்பளைகள் மட்டும் போகிற கோவில். பொம்பளைகள் கண்மாய்க் கரையைத் தாண்டக் கூடாது. வெட்டுவதும் சமைப்பதும் பரிமாறுவதும் எல்லாமே ஆம்பளைகள்தான். வெட்டிய கெடாவில் ஒரு துண்டு கூட வீட்டுக்கு வராது, அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், ஈரலை நெருப்பில் வாட்டிச் சாமிக்குப் படைத்ததும், நேர்ந்துகொண்டவன்தான் முதல் வாய் தின்ன வேண்டும். அவன் தின்றால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அவன் தின்ற பிறகுதான் மற்றவர்கள் இலையில் கைவைப்பார்கள்.

ஈரல் என்றால் இன்னும் மோசம். கறியைவிட ஈரலும் கிட்னியும் வேகமாகவும் மூர்க்கமாகவும் வேலை காட்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோவிலைப் பற்றி யோசித்து யோசித்து எனக்கு வேலையே ஓடவில்லை.

கோவில் பெரியவராக நிற்பது எங்கள் பெரியப்பா. கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பங்காளிகள் விஷயத்தில் பேச்சே கிடையாது. ஆனாலும் போய் நின்றேன். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாமி கெடாவை எடுத்துக்கொள்ளட்டும், என் தம்பியை விட்டுவிடட்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

"நீ படிச்ச புள்ள. பொய் சொல்ல மாட்ட" என்றார். "சாமிக்குக் கெடா. அவனுக்கு ஒரு சேவல அறுத்துத் தனிச் சட்டியில வச்சுருவோம். மொத வாய் சேவல் ஈரலா இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன் தாயி, நீ கலங்காத."

அவர் காலில் விழுந்து கும்பிட்டேன். சட்டி தனியாக இருக்கணும், கரண்டி தனியாக இருக்கணும் என்று விழுந்தபடியே சொன்னதற்குப் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பயம் அப்போதும் போகவில்லை. எங்களோடு வேலை பார்க்கிற தோல் டாக்டர் அம்மாவிடம் நிலைமையைச் சொல்லி, உயிர் காக்கிற அந்த அட்ரினலின் மருந்தும் ஊசியும் எழுதி வாங்கினேன். ஒன்று தவறினால் இன்னொன்று என்று இரண்டு. சுண்டு விரல் அளவு கண்ணாடிக் குப்பி. அதன் கழுத்தை ஒடித்து, பாதி மருந்தை உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்கம் துணியோடு சேர்த்தே குத்த வேண்டும். சாத்துக்குடி வாங்கி வைத்துக் குத்திப் பழகினேன். என் வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாத்துக்குடி பொழைச்சிருச்சா?" என்று கேட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கெடா வெட்டு அன்று நான்தான் காரை ஓட்டினேன். தம்பி முன்னால் உட்கார்ந்திருந்தான், புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கெடா ஏற்கெனவே டெம்போவில் போய்விட்டது. வழியெல்லாம் நான் சொன்னதையே சொன்னேன், அவன் "சரிக்கா, சரிக்கா" என்றே வந்தான். கண்மாய்க் கரை வந்ததும் இறங்கினான். "நீ இங்கனயே நிப்பேல்ல?" என்று கேட்டான்.

"நான் எங்கடா போகப் போறேன்?"

"ஊசி வச்சிருக்கேல்ல?"

கைப்பையைத் தட்டிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுக் கரை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனான். அவன் கேட்டதில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

கருவேல மர நிழலில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே வேறு பெண்பிள்ளை யாரும் இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது, பிறகு குலவை போட ஆளில்லாத ஒரு வெறும் கூச்சல், பிறகு புகை. கொஞ்ச நேரத்தில் ஈரல் வாட்டுகிற வாசம் கரையைத் தாண்டி வந்தது. தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பெரியப்பாவுக்குப் போட்டேன், அவரும் எடுக்கவில்லை. கரை மேல் ஏறிப் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். ஏறினால் சடங்கே தீட்டு என்று மறுபடி ஒரு கெடா வெட்டச் சொல்வார்கள், மறுபடி ஒரு முதல் வாய் வரும். அதை நினைத்து எடுத்து வைத்த காலைப் பின்னால் வைத்தேன். ஆராய்ச்சியும் மண்ணாங்கட்டியும் அந்தக் கரைக்கு இந்தப் பக்கம்தான்.

வெயில் தாழ ஆரம்பிக்கும்போது வந்தான். வாயில் வெற்றிலை.

"என்னடா தின்ன?"

"சேவல்தான்க்கா."

"மொத வாய்?"

"அதான் சேவல் ஈரல்னு பேசி வச்சீங்கல்ல." சொல்லிவிட்டுச் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். என் தம்பி தானாகச் சீட் பெல்ட் போட்டு நான் பார்த்ததில்லை. என் முகத்தை அவன் பார்க்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தேன். ஆட்டு வாடை அடித்தது. என்றைக்குத்தான் அடிக்காமல் இருந்தது, அவன் பிழைப்பே அது. ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. வழியில் உசிலம்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதற்கு எதிரே ஒரு டீக்கடை. ரோட்டைத் தாண்டினால் வாசல். காரை அந்தக் கடையோரம் நிறுத்தினேன்.

"தலை வலிக்குது, டீ குடிச்சிட்டுப் போகலாம்."

அவன் ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பெஞ்சில் உட்கார்ந்தான். மாட்டுப் பாலிலும் அந்தச் சர்க்கரை கொஞ்சம் உண்டு, அதனால் அவனுக்குப் பால் சேர்க்காத டீயாகச் சொன்னேன். ஒரு டீ முடிந்தது. இன்னொன்று சொன்னேன். வடை சொன்னேன். பேப்பர் படித்தேன், ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. அவன் காதுமடலைப் பார்ப்பதும் கழுத்தைப் பார்ப்பதும் உதட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். தின்று எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஈரல் தின்றிருந்தால் இந்நேரம் வந்திருக்கணும். இல்லை, இனிமேல்தான் வரணும். சேவல்தானே தின்றான், வராது.

"எதுக்குக்கா இப்பிடிப் பேய் மாதிரிப் பாக்குற? எம்புட்டு நேரம் இங்கனயே உக்காந்திருக்கிறது? கொட்டகைல ஆடு கத்தும், வா போவோம்."

"இன்னும் ஒரு டீ."

"வயிறு என்ன, டீ டேங்க்கா?" என்று சிரித்தபடி உள்ளங்கையை வேட்டியில் தேய்த்தான். இன்னொரு தரம் தேய்த்தான். அப்புறம் மற்றக் கையால் நகத்தை வைத்து வரட்டு வரட்டென்று சொறிய ஆரம்பித்தான்.

கண்ணாடி டம்ளர் என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அவன் காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டிருந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "அக்கா..." என்றான். குரல் கட்டைக் குரலாக மாறியிருந்தது, வேறு யாரோ பேசுகிற மாதிரி. எழுந்து ஆஸ்பத்திரியைப் பார்க்க நடக்கப் போனான்.

"எந்திரிக்காதடா! படு!"

நிற்கவைத்தால், நடக்கவைத்தால் ரத்தம் மொத்தமும் காலுக்கு இறங்கி நெஞ்சு நின்றுவிடும். அதைத் தாளில் வாசித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. தோளைப் பிடித்து அமுக்கிப் பெஞ்சில் மல்லாத்தினேன். அதற்குள் கடையில் இருந்த அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். ஒருவர் தூக்கி உட்காரவைக்க வருகிறார், ஒருவர் சோடா உடைக்கிறார், ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்.

"மயக்கம்மா, தூக்கி உக்கார வச்சுத் தண்ணி குடு!"

"ஒருத்தரும் தொடாதீங்க! தூக்குனீங்க, செத்துருவான்! காலைத் தூக்கிப் பிடிங்க, தலைய இல்ல, காலை!" என் தொண்டை கிழியக் கத்தினேன். டீ மாஸ்டர் மட்டும் சட்டென்று வந்து அவன் இரண்டு காலையும் தன் தோளில் வாங்கிக்கொண்டார். "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்க, ஸ்ட்ரெச்சர் கொண்டு வரச் சொல்லுங்க" என்றேன். யாரோ ஓடினார்கள்.

குப்பியை எடுத்தேன். அவசரத்தில் கழுத்தை இறுக்கி ஒடித்ததில் மொத்தமும் நொறுங்கி, மருந்து என் விரல் ரத்தத்தோடு சேர்ந்து மண்ணில் போயிற்று. "ஐயோ சாமி" என்று என் வாயிலிருந்துதான் வந்தது. இரண்டாவது குப்பியைச் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்து ஒடித்தேன். உறிஞ்சினேன். தொடையில் வேட்டிக்கு மேலேயே வைத்து ஓங்கிக் குத்தினேன். அவன் துடிக்கக் கூட இல்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது, உதடு வீங்கி, மூச்சு விசில் மாதிரி வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். நின்றுவிடுமோ, நின்றுவிடுமோ என்று அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். வேறு ஒன்றும் செய்வதற்கில்லை.

ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் அவன் கண்ணைத் திறந்து, "குளுருதுக்கா" என்றான். அவன் கட்டைக் குரல் அவ்வளவு இனிமையாக எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு மருந்து கொடுத்து, மறுபடி வந்தாலும் வரும் என்று மறுநாள் வரை வைத்துக்கொண்டார்கள். தம்பி பெண்டாட்டி ஓடி வந்தாள், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலையில் அவள் இட்லி வாங்கப் போன நேரம் நானும் அவனும் மட்டும் இருந்தோம். வீக்கம் வடிந்து முகம் பழையபடி ஆகியிருந்தது. எனக்கு அதுவரை அடக்கி வைத்த கோபமெல்லாம் கிளம்பியது.

"அந்தப் பெரிய மனுசன் என் முன்னாடி வாக்குக் குடுத்துட்டு உன் வாயில ஈரலைத் திணிச்சாரா? இன்னைக்குப் போய் நாலு கேள்வி கேக்காம விட மாட்டேன்."

"அவரைத் திட்டாத" என்றான். "பெரியப்பா சேவல் ஈரலத்தான் நீட்டுனாரு. தனிச் சட்டி, தனிக் கரண்டி, நீ சொன்ன மாதிரியே. யாரும் என்னைய வற்புறுத்தல. நான்தான் கெடா ஈரலை எடுத்துத் தின்னேன்."

"ஏன்டா? கூறுகெட்டவனே, ஏன்டா?"

"பாப்பாவுக்கு நேந்ததுக்கா. அவ பொட்டிக்குள்ள கெடந்தப்ப நான் சேவல்னு சொல்லலையே, கெடான்னுதான சொன்னேன். நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எனக்கு இதுதான் தோணும்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னான். "நீ வெளிய நிக்கலன்னா சத்தியமாத் தின்னுருக்க மாட்டேன். சேவலைத் தின்னுட்டு வந்துருப்பேன். அக்கா ஊசியோட நிக்குது, விட்டுறாதுன்னு தைரியத்துலதான் தின்னேன்."

அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வெளியே வந்து வராந்தாவில் நின்றுகொண்டேன். பிழைக்கட்டும் என்று நான் வாங்கி வைத்த மருந்துதான் அவனைத் தின்னவைத்திருக்கிறது. ஒரு குப்பியை உடைத்துக் கொட்டியதுபோல் இன்னொன்றையும் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அது நடந்து சில மாதம் ஆகிறது. அவன் கறியைத் தொடுவதில்லை, நானும் நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போயிருந்தேன். கொட்டகையில் ஒரு கறுப்புக் கெடாக் குட்டி கட்டாமல் கொள்ளாமல் தன் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, கழுத்தில் மஞ்சள் கயிறு. சாமிக்கு விட்ட கெடாவைத்தான் எங்கள் பக்கம் இப்படிக் கட்டாமல் விடுவார்கள்.

"இது யாருக்குடா?"

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. குட்டியை வாரி மடியில் போட்டுக்கொண்டு காதைப் புரட்டினான்.

"உனக்குத்தான்க்கா. அன்னைக்கு நீ இல்லேன்னா நான் இல்ல. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே சாமிகிட்ட நேந்துக்கிட்டேன், எங்க அக்கா நூறு வருசம் நல்லா இருக்கணும்னு."